ஒரு தடமும் இரண்டு வண்டிகளும்: இயக்க விதிகளுக்கான ஆய்வகத் தொகுப்பு, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

விசையையும் நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும் உயர்நிலை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென விற்கப்படும் ஆய்வகத் தொகுப்பு ஒன்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்தினேன். 1.2 மீட்டர் நீள அலுமினியத் தடம், அரைக் கிலோகிராம் நிறையுள்ள இரண்டு வண்டிகள், அவற்றின் மேல் ஏற்றுவதற்கு இரண்டு அரைக் கிலோ இரும்புக் கட்டிகள், ஒரு கப்பி, 10 கிராம் கொக்கி, அதில் மாட்டுவதற்கு நான்கு 10 கிராம் வளையங்கள், வேகத்தை அளக்க இரண்டு ஒளி சென்சார்கள், இரண்டு விசை சென்சார்கள், ஒரு செய்முறைக் கையேடு ஆகியவை பெட்டிக்குள் உள்ளன. கருவிகள் எனக்கு முழு நிறைவைத் தந்தன. கையேட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

வண்டிகளின் சக்கரங்களை முதலில் பாராட்ட வேண்டும். தடத்தைச் சமமட்டமாக்கி வண்டியை மெல்லத் தள்ளிவிட்டால், முதல் ஒளி சென்சாரில் நொடிக்கு 0.62 மீட்டர் என்று பதிவாகும் வேகம், 60 சென்டிமீட்டர் கடந்து இரண்டாம் சென்சாரை அடையும்போதும் 0.60 ஆக இருக்கிறது. தடத்தின் ஒரு முனையை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயர்த்தி உராய்வை ஈடுசெய்துவிட்டால் இரு அளவீடுகளும் ஒன்றாகிவிடுகின்றன. தள்ளிய விசை வண்டிக்குள் தங்கியிருக்கிறது, அது தீர்ந்ததும் வண்டி நின்றுவிடுகிறது என்பதே ஏறத்தாழ எல்லா மாணவர்களின் உள்ளத்திலும் இருக்கும் எண்ணம். அன்றாட வாழ்வில் உராய்வில்லாத இயக்கத்தை அவர்கள் கண்டதே இல்லை என்பதால் அதைப் பிழை என்று கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கலிலியோவும் சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிப் பார்த்துத்தான் இதற்கு மாறான முடிவுக்கு வந்தார். கை வண்டியை விட்டு விலகிய பிறகு அதை முன்னோக்கித் தள்ளுவது எது என்று கேட்டுவிட்டு, இரு சென்சார்களின் அளவீடுகளையும் பலகையில் எழுதினால், நிலைமத்தை, அதாவது வெளிவிசை இல்லாவிட்டால் பொருள் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளாது என்பதைப் பற்றி நான் பேச வேண்டியது பெரிதும் குறைந்துவிடுகிறது.

விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) கிடைக்கும் என்ற இரண்டாம் விதிக்குக் கையேடு சொல்லும் செய்முறை தவறானது. வண்டியில் கட்டிக் கப்பியின் மேலாகத் தொங்கவிட்ட நூலின் முனையில் வளையங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, தொங்கும் எடையை வண்டியின் நிறையால் வகுத்து, வருவதே முடுக்கம் என்று அது காட்டுகிறது. தொங்கும் நிறையும் வண்டியோடு சேர்ந்தே முடுக்கம் பெறுகிறது என்பதை அது மறந்துவிட்டது. 50 கிராம் தொங்கும்போது இழுக்கும் எடை 0.49 நியூட்டன். இதை 0.5 கிலோகிராமால் வகுத்தால் 0.98 மீ/வி² கிடைக்கும். ஆனால் இயங்கும் மொத்த நிறை 0.55 கிலோகிராம் என்பதால் உண்மையான முடுக்கம் 0.89 மட்டுமே. சென்சார்கள் துல்லியமானவை என்பதால் இந்த வேறுபாடு அப்படியே வெளிப்படுகிறது. சரியாக அளந்த மாணவர், தம் அளவீட்டில்தான் பிழை இருக்கிறது என்று எண்ணி எண்களைத் திருத்தத் தொடங்குகிறார். அறிவியல் கற்பவருக்கு நேரக்கூடிய தீங்குகளில் இதைவிடப் பெரிதை நான் அறியேன். திருத்தம் எளிது. நான்கு வளையங்களையும் முதலில் வண்டியின் மேலேயே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். அப்போது மொத்த நிறை மாறாமலிருக்க, இழுக்கும் விசை மட்டும் கூடுகிறது. 10 கிராமுக்கு 0.18, 30 கிராமுக்கு 0.53, 50 கிராமுக்கு 0.89 என வரைபடம் நேர்கோடாக எழுகிறது.

இத்தொகுப்பை வாங்கத் தூண்டும் காரணம் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், அந்த இரண்டு விசை சென்சார்களையே சொல்வேன். ஒரு வண்டியில் இரு இரும்புக் கட்டிகளையும் ஏற்றி, நின்றுகொண்டிருக்கும் வெற்று வண்டியின் மீது மோத விடுகிறோம். மோதுவதற்கு முன்பே, எந்த வண்டி மற்றதன்மீது மிகுந்த விசையைச் செலுத்தும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதியாக வேண்டும். பாரமான வண்டிதான் என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற மூன்றாம் விதியைச் சொல் பிசகாமல் ஒப்பிப்பவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். பிறகு திரையில், இரு வண்டிகளிலும் பொருத்திய விசை சென்சார்களின் இரு கோடுகளும் ஒரே கணத்தில் எழுந்து, ஒரே உயரத்தைத் தொட்டு, ஒரே கணத்தில் அடங்குகின்றன. வகுப்பில் சற்று நேரம் ஒருவரும் பேசுவதில்லை. வெற்று வண்டி அவ்வளவு வேகமாக ஓடியதே என்று ஒருவர் கேட்கிறார். விசை சமமாக இருந்தும் நிறை குறைவாக இருப்பதால் அதன் முடுக்கம் கூடுதல் என்று இன்னொருவர் விடை சொல்கிறார். இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர்களே கண்டுகொள்ளும் அந்தத் தருணத்தை வேறெந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தந்ததில்லை.

அதே மூன்றாம் விதிக்குக் கையேடு தரும் படமோ மேசைமேல் இருக்கும் புத்தகம்: அதன் எடை கீழ்நோக்கி, மேசையின் தாங்குவிசை மேல்நோக்கி. இவ்விரண்டும் ஒரே புத்தகத்தின்மீது செயல்படுவதால் இவை வினை-எதிர்வினை இணை ஆகா. புவி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் புவியை இழுப்பதே. இணைவிசைகள் எப்போதும் வெவ்வேறு இரு பொருள்களின்மீது செயல்படும் என்பதை ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால், மோதல் சோதனையில் கிடைத்த தெளிவை இந்த ஒரு படமே குலைத்துவிடும்.

மென்பொருள் போதுமான அளவுக்கு நன்றாக இயங்குகிறது. விசை சென்சாரின் திசையை மாற்றிப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் அதன் சுழியை (பூஜ்ய அளவை)ச் சரிசெய்தாக வேண்டும். இல்லையெனில் சென்சாரின் கொக்கி எடையே அளவீட்டில் சேர்ந்துவிடுகிறது. சென்சார் பொருத்திய வண்டியைத் தனியே நிறுத்துக் குறித்துக்கொள்வதும் தேவை. உடன் வந்த நூல் இழுபட்டு நீண்டதால் மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டிக்கொண்டேன்.

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு தொகுப்பு மட்டுமே கிடைக்குமானால், மோதல் சோதனையை எல்லோருக்கும் முன்பாகச் செய்துகாட்டவும், இரண்டாம் விதியைக் குழுக்கள் முறைவைத்துச் செய்யவும் அதைப் பயன்படுத்தலாம். கையேட்டின் அந்த இரு பக்கங்களையும் மாணவர்கள் கையில் கொடுக்காமல், வளையங்களை இடம் மாற்றும் முறையை நானே ஒரு தாளில் எழுதித் தடத்தின் அருகில் ஒட்டிவைத்திருக்கிறேன்.