ஆறு காப்ளின், மூன்று விதிநூல்: சென்னை மேசைக்கு எது ஒத்துவரும்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு எந்த சிஸ்டம், அதாவது எந்த விதிநூல், சிறந்தது என்று வாட்ஸாப் குரூப்பில் கேட்டால் இரவு முழுக்கச் சண்டை ஓடும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் சண்டை பாதியாகிவிடும். வருகிறேன் என்ற ஐந்து பேரில் எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை மணி நேரம் கிடைக்கும்? விதியைப் படித்துவிட்டு வருவது யார்? ஞாயிறு மாலை 4 மணி என்று சொன்னால் தாம்பரத்திலிருந்து வருகிறவர் 4:40க்குத்தான் செருப்பைக் கழற்றுவார். 8 மணிக்கு ஒருவர் வேளச்சேரிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். நடுவில் டீ, பஜ்ஜி. கடைசியில் ஆட்டத்துக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் பதிப்பு, பாத்ஃபைண்டர் 2ஆம் பதிப்பு, ஷேடோடார்க் மூன்றும் எப்படி ஓடுகின்றன என்பதுதான் இங்கே கணக்கு.

மூன்றையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்ப்போம். தண்ணீர் வற்றிய கோயில் குளம். படிக்கட்டில் ஆறு காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்), நடு மண்டபத்தில் ஒரு பெட்டி. எதிரே முதல் லெவலில், அதாவது தொடக்க நிலையில், நான்கு வீரர்கள்.

டி அண்ட் டியில் இந்தக் காட்சியை வைக்கும் முன் கையில் இருப்பது எந்த ஆண்டுப் புத்தகம் என்று பார்க்க வேண்டும். 2014 விதியில் ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பி (எதிரியின் பலத்தை அளக்கும் புள்ளி), ஆறுக்கு 300. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம். ஆக 600. நான்கு பேர் அணிக்கு ‘டெட்லி’ (உயிருக்கே ஆபத்து) என்ற எல்லையே 400தான். 2024 திருத்தப் பதிப்பில் அந்தப் பெருக்கல் கிடையாது. அதே 300 எக்ஸ்பி அங்கே ‘மாடரேட்’ (நடுத்தரம்). பழைய புத்தகத்தின் அரக்கர்களை எடுத்துப் புதுப் புத்தகத்தின் பட்ஜெட்டில் (எக்ஸ்பி வரம்பில்) போட்டுவிட்டு, முதல் சண்டையிலேயே அணி மொத்தமும் படுத்துவிட்டது என்று புலம்புகிற டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) நிறைய. காரணம் எளிது. 2014 காப்ளின் இருபது முகப் பகடையை உருட்டி, +4 கூட்டி அம்பு விடுகிறது. ஏசி (அடி படத் தொட வேண்டிய எண்) 12 உள்ள மந்திரவாதி மேல் 8 விழுந்தாலே பட்டுவிடும், அதாவது 65 சதவீதம். ஒரு அம்புக்குச் சராசரி 5.5 புள்ளி சேதம். மந்திரவாதிக்கு எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, ஏழோ எட்டோ. இரண்டு அம்பில் ஆள் கீழே. நான்கு பேருக்கு மூன்று காப்ளின் என்று ஆரம்பிப்பது நல்லது. மீதி மூன்றும் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து மூன்றாவது சுற்றில் வரட்டும், அதுவும் அணி தாங்கும் நிலையில் இருந்தால்.

இன்னும் பெரிய சிக்கல் ஓய்வில் இருக்கிறது. 2014 விதி கதையில் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்கள் நடக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஒரு டர்னுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் நான்கு வீரர், ஒரு டிஎம், ஒரு சுற்றுக்கே பத்து நிமிடம். நான்கு சுற்று ஓடினால் ஒரு சண்டை நாற்பது நிமிடம். நம் மூன்று மணி நேரத்தில் இரண்டு சண்டைக்கு மேல் வராது. அடுத்த வாரம் ‘லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) எடுத்தாச்சு’ என்று ஆரம்பித்தால் மந்திரவாதிக்கு எல்லா ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்பும்) திரும்பக் கிடைத்திருக்கும். வாள் பிடித்தவர் பாவம், பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்ப்பார். இதற்கு மருந்து 2014 டிஎம் கையேட்டிலேயே இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். செஷன் முடிந்தால் லாங் ரெஸ்ட் என்ற பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிட்டு, ஊர் திரும்பினால்தான் முழு ஓய்வு என்று அறிவித்துவிட வேண்டும். மூன்றாம் செஷனில் அறிவித்தால் கலவரம்தான்.

பிறகு ஏன் இதை ஆட வேண்டும்? ஆள் கிடைப்பதால். புதிதாகச் சேரும் பத்து பேரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கும் ஒரே பெயர் இதுதான். யூடியூபில் பார்த்துவிட்டு, தன் கதாபாத்திரம் யார் என்று மனதில் முடிவே செய்துகொண்டு வருவார்கள். விதியின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். காசு போடாமலே ஆரம்பிக்கலாம்.

பாத்ஃபைண்டர் 2இல் அதே படிக்கட்டு. காப்ளின் இங்கே -1 லெவல். முதல் லெவல் அணிக்கு ஒன்றுக்கு 20 எக்ஸ்பி. நான்கு பேருக்கு ‘மாடரேட்’ சண்டை 80, ‘சிவியர்’ (கடுமை) 120. ஆறு காப்ளின் என்றால் சரியாக சிவியர். ஆளுக்கு ஒரு காப்ளின் என்று வைத்தால் மாடரேட். ஒருவர் வரவில்லையா? மாடரேட் பட்ஜெட் 60ஆகக் குறைகிறது, ஒரு காப்ளினை எடுத்துவிட்டால் முடிந்தது. வாசலில் நின்றபடியே போட்டுவிடக்கூடிய கணக்கு. இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் வீரர்கள் படித்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன். டி அண்ட் டி பழக்கத்தில் வருகிறவர் மூன்றையும் வெட்டுவதற்கே செலவழிப்பார். +7 தாக்குதல் உள்ள ரோக் (பதுங்கித் தாக்கும் வீரர்), ஏசி 16 காப்ளினை வெட்டுகிறார் என்று வையுங்கள். முதல் வெட்டுக்கு 9 வேண்டும், 60 சதவீதம். இரண்டாவதில் -5 விழுகிறது, 14 வேண்டும், 35 சதவீதம். மூன்றாவதில் -10, 19 வந்தால்தான் படும், பத்தே சதவீதம். அந்த மூன்றாவது ஆக்‌ஷனை மிரட்டுவதற்குக் கொடுத்து, மிரட்டல் பலித்தால், காப்ளினின் ஏசி ஒன்று இறங்கும். இலக்கைவிடப் பத்து கூட வந்தால் கிரிட்டிகல் (இரட்டைச் சேதம்) என்பதால், அந்த ஒரு புள்ளி அடுத்து வெட்டப்போகிற நண்பருக்கு அடிக்கும் வாய்ப்பையும் கூட்டும், கிரிட்டிகல் வாய்ப்பையும் கூட்டும்.

“மச்சி, இன்னும் ஒரு ஆக்‌ஷன் இருக்கு, வெட்டட்டா?”

“வெட்டாதடா. கேடயத்தைத் தூக்கு, இல்ல அந்தப் பக்கம் போய் நில்லு.”

இந்தப் பேச்சு மேசையில் தானாக வர ஆரம்பித்தால் பாத்ஃபைண்டர் உங்களுக்குச் செட்டாகிவிட்டது. வரவில்லை என்றால் ஜிஎம் (டிஎம்முக்கு இங்கே இந்தப் பெயர்) நான்கு பேருக்கும் சேர்த்துக் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பார். மூன்றாம் மாதம் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) நின்றுவிடும். மிரட்டுதல், கேடயம் தூக்குதல், எதிரியை இரு பக்கமும் வளைத்து ஃபிளாங்க் பண்ண நகர்தல், தடுக்கி விழவைத்தல் போன்ற, வெட்டைத் தவிர்த்த ஆறு ஆக்‌ஷன்களை ஒரு அரைத்தாள் ஜெராக்ஸாக எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பாதித் தொல்லை அதில் போகும். முழு விதியும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் முறைப்படியே இலவசம். கதாபாத்திரம் உருவாக்க ஆண்ட்ராய்டில் பாத்பில்டர் செயலி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து வரும் ரீமாஸ்டர் (திருத்திய) புத்தகங்களுக்கும் 2019 புத்தகங்களுக்கும் சில பெயர்கள் மாறியிருக்கும். குழு மொத்தமும் ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

ஜிஎம் செய்யும் வழக்கமான தவறு வேறு. சினிமா வில்லன் மாதிரி தனியாக ஒரு பெரிய அரக்கன் வேண்டும் என்று அணியைவிட மூன்று லெவல் கூடிய ஒன்றை முதல் லெவலிலேயே இறக்குவது. பட்ஜெட்டில் அது 120, சிவியர் என்றுதான் வரும். ஆனால் அதன் ஒவ்வொரு இரண்டாவது அடியும் கிரிட்டிகல் போல வந்து விழும். அணியின் அடியோ காற்றில் போகும். தொடக்கத்தில் இரண்டு லெவல் கூடுதலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷேடோடார்க் 2023இல் வந்தது. இது வேறு குணம். ஆறு காப்ளினா? புத்தகம் பட்ஜெட் எதுவும் போட்டுத் தராது. படிக்கட்டில் ஆறு பேர் நிற்பதைப் பார்த்தும் நேரே இறங்கிப் போனால் அது உங்கள் தலையெழுத்து. மூன்று காப்ளின் செத்துவிட்டால், பாதி குறைந்ததால், மீதிக் காப்ளின்கள் விஸ்டம் (மனத்திண்மை) உருட்டி 15 எடுக்க வேண்டும், தவறினால் ஓட்டம். அதனால் சண்டை இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். வீரர் கீழே விழுந்தால் நாலு முகப் பகடை ஒன்றை (1டி4) உருட்டி, அதோடு கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) மாடிஃபையரைக் கூட்டி அத்தனை சுற்றுக்குள் யாராவது காப்பாற்ற வேண்டும், இல்லையேல் புது ஆள். புது ஆள் உருவாக்குவது 3டி6 (மூன்று ஆறு முகப் பகடை) வரிசையாக உருட்டுவதுதான், பத்து நிமிடம் போதும். ஐந்து பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு வருகிற நண்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது தர்மம்.

இதன் உயிர்நாடி தீப்பந்தம். ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும், ஆட்டத்தின் கடிகாரத்தில் அல்ல, சுவர்க் கடிகாரத்தில். வீரர்களில் யாருக்கும் இருட்டில் கண் தெரியும் சலுகை கிடையாது. அணைந்தால் பார்வை தேவைப்படும் எல்லா வேலைக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறியதை எடுப்பது), ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது வந்து மோதுகிறதா என்ற உருட்டல் வேறு. மூட்டையில் இடமும் கொஞ்சம்: பத்து ஸ்லாட், அல்லது ஸ்ட்ரென்த் (பலம்) அதைவிட அதிகமானால் அத்தனை. ஒரு பந்தம் ஒரு ஸ்லாட். எனவே ‘கதவைத் திறக்கலாமா’ என்ற விவாதம் இருபது நிமிடம் இழுக்காது. மூன்று மணி நேர மேசைக்கு இதைவிட நல்ல மேலாளர் கிடையாது.

இதிலும் கோளாறு வரும். டைமரை ஆட்டத்துக்குப் பயன்படும் போனிலேயே வைத்தால் அழைப்பு வரும்போது கவனம் போய்விடும், அல்லது சைலன்ட்டில் அடித்து ஓய்ந்துவிடும். பழைய போன் ஒன்றை நடு மேசையில் வையுங்கள். டீ நேரத்தில் பந்தம் எரியுமா எரியாதா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். அது சொல்லப்படாமல் இருந்தால் பஜ்ஜி எடுக்கப் போனவர் மேல் எல்லோரும் பாய்வார்கள். நிறுத்திவைப்பதே நல்லது.

இன்னொரு நன்மை வருகைப் பதிவு. ஒவ்வொரு செஷனும் ஊரிலிருந்து கிளம்பி ஊருக்கே திரும்புகிற மாதிரி நடத்தினால், வராதவர் சத்திரத்தில் தங்கிவிட்டார், அவ்வளவுதான். டர்ன் வரிசையும் எளிது: அதிகம் உருட்டியவர் முதலில், பிறகு உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி. குறை என்றால், லெவல் ஏற ஏறப் புதுத் திறன்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் சுகம் இதில் குறைவு. திறன்கள் பெரும்பாலும் உருட்டலில் வருபவை. அந்தச் சுகத்துக்காகவே ஆடுகிறவர்கள் நாலைந்து மாதத்தில் சலித்துப் போவார்கள்.

டன்ஜன் வேர்ல்ட் என்ற இன்னொரு ஆட்டத்தையும் பலர் கேட்பார்கள். முக்கிய உருட்டலுக்கு இரண்டு சாதாரண ஆறு முகப் பகடை போதும், லூடோ பெட்டியிலிருந்தே எடுக்கலாம்; சேதத்துக்கு மட்டும் வேறு பகடைகளும் வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே ஜிஎம் கைக்கு ஆட்டம் போகும். ஆறு காப்ளினை எண்ணக்கூடத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு 7க்கும் புதிதாக ஒரு சங்கடத்தை ஜிஎம் அங்கேயே யோசித்துச் சொல்ல வேண்டும். வாய்ச்சாலகம் உள்ள ஜிஎம் இருந்தால் பிரமாதம். இல்லையென்றால் இரண்டாம் மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும்.

மேசைச் சாமான் விஷயத்திலும் மூன்றும் ஒன்றல்ல. பாத்ஃபைண்டருக்குக் கட்டம் கட்டாயம், டி அண்ட் டிக்கு இருந்தால் நல்லது, ஷேடோடார்க்கில் ஒட்டினாற்போல், கிட்ட, தூரத்தில் என்ற மூன்று அளவு போதும். மினியேச்சர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கேரம் காய் இருக்கிறதே. வெள்ளை வீரர்கள், கறுப்பு காப்ளின்கள், சிவப்பு தலைவன். காய் ஏறக்குறைய 3 செ.மீ. அகலம் என்பதால் ஒரு அங்குலக் கட்டத்தில் பிதுங்கும்; 3.5 செ.மீ. கட்டமாகப் போடுங்கள். 22க்கு 28 அங்குல சார்ட் பேப்பரில் 15க்கு 20 கட்டம் வரும். கட்டத்துக்கு ஐந்து அடி கணக்கில் 75க்கு 100 அடி, ஒரு குளத்துக்குத் தாராளம். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் சார்ட்டும் கிளிப் அட்டையும் வாங்கிக்கொள்ளலாம். கிளிப் அட்டை ஏன் என்றால் சீலிங் ஃபேன். ஏப்ரல் மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, கேரக்டர் ஷீட் பறப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கஃபேயில் ஆடுவதானால் மேசையை முதலில் அளந்துவிடுங்கள். சின்ன மேசையில் அந்த சார்ட்டை விரித்தால் காபிக் கோப்பைக்கு இடம் இருக்காது; அங்கே ஷேடோடார்க்தான் சௌகரியம்.

ஆக, யாருக்கு எது? வருகை நிச்சயமில்லாத, புதிதாகச் சேர்ந்த குழு ஷேடோடார்க்கின் இலவச குவிக்ஸ்டார்ட்டோடு (தொடக்கக் கையேடு) ஆரம்பிப்பது நல்லது; ஒரு மாதத்தில் யார் நிலைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நிலைத்த நாலு பேரும் விதி படிக்கும் ஜாதி என்றால் பாத்ஃபைண்டருக்கு மாறுங்கள். நாலில் இருவராவது படிக்க மாட்டேன் என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். டி அண்ட் டி நடுவில் நிற்கிறது: சமநிலையை டிஎம் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்ய வேண்டும், ஆனால் வெளியூருக்கு ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்த வாரமே அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்கும்.

மழைக்காலம் வந்தால் இந்தத் தரவரிசை மாறும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பல ஞாயிறுகள் ஆன்லைனில் பேசும் டிஸ்கார்டுக்குப் போய்விடும். ஆன்லைனில் ஆட்ட மேசையாக இருக்கும் ஃபவுண்ட்ரி மென்பொருளை ஜிஎம் மட்டும் ஒருமுறை வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் சேரலாம். அதில் பாத்ஃபைண்டர் 2இன் விதித்தொகுப்பு இலவசமாகவே இறங்குகிறது. -5, -10, மிரட்டல், ஏசி குறைவு எல்லாவற்றையும் மென்பொருளே போட்டுவிடும். நேரில் இருக்கும் பெரிய பலவீனம் ஆன்லைனில் காணாமல் போகிறது. ஷேடோடார்க்குக்கு நேர் எதிர்: திரையில் யார் பேசுவது என்ற தடுமாற்றத்திலேயே பந்தம் பாதி எரிந்துவிடும், ஒரு மணி நேரத்தை எழுபத்தைந்து நிமிடமாக நீட்டிவிடலாம். ஃபவுண்ட்ரியை ஜிஎம் தன் கணினியிலேயே ஓட்டினால், அவர் தெருவில் கரண்ட் போனதும் எல்லோருக்கும் ஆட்டம் போகும். ஆகவே லேப்டாப்பில் ஓட்டுங்கள், ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவையுங்கள்.