குளத்தின் அடிக்கு எந்த நிறம்? வெள்ளை, இளநீலம், பச்சை, கறுப்பு

அண்ணன் வீட்டுப் பின்வாசல் படியை ஒட்டி ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தோட்டத்து லயத்தை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்த காலத்தில் அப்பா கட்டியது. மூன்றடி ஆழம். போன மாதம் அதைத் தேய்த்துக் கழுவி, அடியில் வெள்ளை, இளநீலம், கறுப்பு என்று மூன்று மொசைக் (சின்ன டைல்ஸ் துண்டுகள் ஒட்டிய) ஷீட்டுகளையும் பச்சைக்கு ஒரு கல் பலகையையும் வரிசையாகப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பினோம். கொல்லையில் அண்ணன் கட்டிக்கொண்டிருக்கும் நீச்சல் குளத்துக்கு உள்நிறம் தேர்ந்தெடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

குளம் சின்னதுதான். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். அடித்தளமும் நான்கு சுவர்களும் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 சதுர மீட்டர். முப்பது சென்டிமீட்டர் சதுர ஷீட் கணக்கில் 440 வேண்டும். வெட்டுவதில் வீணாவதையும் சேர்த்தால் 480. ஒருமுறை ஒட்டிவிட்டால் பத்து பதினைந்து வருடத்துக்கு மாற்ற மனம் வராது, கைக்காசும் வராது. அதனால் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அண்ணிக்குக் கறுப்பு. லங்காவியில் தங்கிய விடுதியில் பார்த்திருக்கிறார். "தண்ணி மேல வானம் அப்படியே படம் மாதிரி விழுந்திருந்துச்சு தம்பி" என்றார். பெரியவன் பதினேழு வயது. அவனுக்குப் பச்சைக் கல். அண்ணனுக்கு எதுவானாலும் சரி, விலை கட்டுப்படியானால் போதும். ஆறு வயதுச் சின்னவளை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் குளிக்கும்போது பெரும்பாலும் காவலுக்கு உட்காரப்போகிற அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. நான் வார இறுதிகளில் ஈப்போவில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவன். அந்த இருவருக்காகவும்தான் இந்த ஒப்பீட்டில் இறங்கினேன்.

முதலில் ஒரு விஷயம். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் டைல்ஸ் நிறம் வேறு, தண்ணீருக்கடியில் தெரியும் நிறம் வேறு. தண்ணீர் சூரிய ஒளியில் உள்ள சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும், மிஞ்சுவது நீலம். ஆழம் கூடக்கூட நீலமும் கூடும். அதனால்தான் சுத்த வெள்ளையாகக் கட்டிய குளம்கூட நிரப்பியதும் இளநீலமாகிவிடுகிறது. மணல் நிற டைல்ஸ் போட்டால் தண்ணீர் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். சாம்பல் போட்டால் ஆழ்ந்த நீலம். இதற்கு மேல் வானமும் சுற்றுப்புறமும் தங்கள் நிறத்தைச் சேர்க்கும். அண்ணன் வீட்டு வேலிக்குப் பின்னால் பால்மரம் (ரப்பர் மரம்), பக்கத்தில் ரம்புத்தான். எந்த நிறம் போட்டாலும் அந்தக் குளத்தில் பாதிப் பச்சை தானாகவே வந்து சேரும். பெரியவனிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: நீ கேட்கும் பச்சைக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பச்சைக் கல் என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் மேற்கு ஜாவாவின் சுக்காபூமியிலிருந்து வருவது. பாலித்தீவு விடுதிகளால் புகழ்பெற்றதால் பாலிக் கல் என்றும் சொல்வார்கள். நனைந்தால் வாழைக்குருத்து மாதிரி ஒரு பச்சை. கையை எடுக்க மனம் வராது. தொட்டியில் போட்ட நான்கில் பார்க்க மிக அழகாக இருந்தது அதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது நுண்துளை உள்ள கல். பாசி பிடித்துக்கொள்ள வாகான இடம். நம் ஊர் வெயிலில் குளோரின் சீக்கிரம் சிதைந்துவிடும். சாயங்கால மழை அதை இன்னும் நீர்த்துப்போக வைக்கும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் பாசி தொடங்கும். வெள்ளைக் குளத்தில் ஒரு மூலை லேசாகப் பச்சை தட்டினாலே கண்ணில் பட்டுவிடும்; அன்றே தேய்த்துவிடலாம். பச்சைக் குளத்தில் கால் வழுக்கிய பிறகுதான் தெரியும். இந்தக் கல்லில் ஜியோலைட் என்ற கனிமம் இருக்கிறது, தண்ணீரைத் தானே சுத்தம் செய்யும் என்று விற்கும்போது சொல்வார்கள். ஜியோலைட் இருப்பது உண்மைதான். அதற்காக வடிகட்டி இயந்திரத்தின் வேலையை அது செய்துவிடாது.

கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணி சொன்னதில் பொய்யில்லை. கறுப்பு அடியுள்ள குளத்தில் வானம் உண்மையிலேயே படம் போல விழும். அது எப்படி வருகிறது என்று பாருங்கள். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கூடும். அடி வெளுப்பாக இருந்தால் கீழிருந்தும் நிறைய வெளிச்சம் மேலே வரும்; அதில் வானத்தின் பிம்பம் அமுங்கிவிடும். அடி கறுப்பாக இருந்தால் கீழிருந்து ஒன்றும் வராது, பிம்பம் மட்டும் நிற்கும். நமக்குக் கண்ணாடியாகத் தெரிவது அதுதான். அதாவது, அடி தெரியாததுதான் அந்த அழகுக்கே காரணம். அழகை வைத்துக்கொண்டு ஆபத்தை மட்டும் தனியாகக் கழற்றி வைக்க முடியாது.

தொட்டியில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு கொட்டாங்கச்சியைக் கல் வைத்துக் கட்டி ஒவ்வொரு நிறத்தின் மேலும் மாற்றி மாற்றி இறக்கினேன். நிறத்தில் அது நம் பிள்ளைகளின் தோலுக்கும் முடிக்கும் நடுவே வரும், அதனால்தான் அதை எடுத்தேன். அம்மா பின்வாசல் மேல்படியில் நின்றார். கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர். தண்ணீர் அசையாமல் இருந்தபோது நான்கிலும் தெரிகிறது என்றார். பிறகு சின்னவளைக் கையை விட்டு அலம்பச் சொன்னேன். கறுப்பின் மேல் கொட்டாங்கச்சி காணாமல் போனது. பச்சையில் "இருக்கிற மாதிரி இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். வெள்ளையிலும் இளநீலத்திலும் அலைக்கு நடுவிலும் அது ஒரு கரும்புள்ளியாக நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு, மழை கட்டிக்கொண்டு வானம் இருண்டபோது, அதையே மறுபடியும் செய்தோம். அப்போது கறுப்பு ஷீட் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. மூன்றடித் தண்ணீரிலேயே இப்படி. குளம் நான்கடி.

பொதுக் குளங்களில் ஆழமான இடத்தில் ஒரு கறுப்பு வட்டைப் போட்டு, கரையில் நின்று அது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தெரியவில்லை என்றால் யாரையும் இறங்க விடமாட்டார்கள். வீட்டுக் குளத்துக்கும் நான் வைக்கும் முதல் சோதனை அதுதான். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, காரணமும் உண்டு. எனக்குப் பத்து வயதில் மாமா மகன் பழைய ஈய லம்பத்துக் (சுரங்கத்துக்) குட்டையில் வழுக்கி விழுந்தான். கலங்கிய தண்ணீர். பெரியவர்கள் வரிசையாக இறங்கிக் காலால் துழாவித்தான் அவனைக் கண்டார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் எங்களுக்கு ஐந்தடி தூரத்தில்தான் கிடந்தான்.

கறுப்புக்கு வேறு குறைகளும் உண்டு. குளிர் நாடுகளில் வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் என்று ஆசைப்பட்டே கறுப்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது எதற்கு? மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிற ஊர் இது. தண்ணீர் சூடாகச் சூடாக குளோரினும் வேகமாகத் தீர்ந்துபோகும். தண்ணீர் வற்றி ஏறும் இடத்தில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு கறுப்பில் பளிச்சென்று தெரியும். இரவில் விளக்கும் அதிகம் வேண்டும்.

சரி, வெள்ளை. நான் முதலில் இதற்குத்தான் சாய்ந்திருந்தேன். வெளிச்சமும் சுத்தமும் இதைப்போல எதிலும் இல்லை. வெள்ளைச் சிமெண்டில் பளிங்குத் தூள் கலந்து பூசும் முறை மலிவு. ஆனால் நம் ஆற்று நீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீர் அந்தப் பூச்சிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், சில வருடத்தில் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். கால்சியம் கடினத்தன்மையை 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 200 பங்கு) கீழே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பூச்சு வேண்டாம், வெள்ளை மொசைக் என்றே பேசினோம்.

வெள்ளையின் தொல்லை கறை. ஆண்டுத் தொடக்க வறட்சியில் பால்மரம் இலை உதிர்க்கும்போது கொல்லை முழுவதும் செம்பழுப்பாகிவிடும். அந்த இலை அடியில் இரண்டு நாள் கிடந்தால் தேநீர்க் கறை மாதிரி ஒரு தடம். இன்னொன்று துரு. எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் இன்னும் கிணற்று நீர்தான். அதில் இரும்பு இருந்தால், குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பாகும், பிறகு அது சுவரில் படியும். தெரிந்தவர் ஒருவருக்கு வெள்ளைக் குளம் கட்டிக் கொடுத்த குத்தகைக்காரர், தண்ணீரைச் சோதிக்காமல் கிணற்றிலிருந்தே நிரப்பிவிட்டார். ஒரே வாரத்தில் குளம் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆனது. இப்படிக் கறை வந்தால் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை அதன் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் வெளுத்தால் உலோகக் கறை. வெளுக்காமல், குளோரினுக்கு மட்டும் மங்கினால் இலைக் கறை. எது என்று தெரிந்த பிறகு மருந்து வாங்கலாம்.

நடுப்பகலில் வெள்ளை கண்ணைக் கூசவும் செய்கிறது. அம்மா கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டுதான் தொட்டியைப் பார்த்தார். காவல் இருப்பவருக்குக் கண் கூசினால் அதுவும் ஒருவகையில் மறைப்புதான். இந்தப் புள்ளியில்தான் என் மனம் இளநீலத்துக்கு மாறியது.

இளநீலம் என்றதும் அண்ணி முகத்தைச் சுளித்தார், "பள்ளிக்கூடக் குளம் மாதிரி இருக்குமே" என்று. ஒரே சீரான நீலமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் எடுத்தது வெள்ளை, வெளிர் நீலம், கொஞ்சம் சாம்பல் கலந்து வரும் ஷீட். கலப்பு நிறத்துக்கு ஒரு நல்ல குணம்: சின்னத் தூசியையும் மெல்லிய தடத்தையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் கையளவு பெரிய எதையும் மறைக்காது. பாசி வந்தால் பச்சையாகத் தெரியும். அண்ணன் குடும்பம் தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரத்தில் பம்ப் நின்று போனாலும், திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் கொசுப்புழு நெளிவது தெரியும். டெங்கி உள்ள ஊரில் அது சின்ன விஷயமில்லை.

இளநீலத்தில் ஒரு ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நீல நிற நீச்சலுடை இதில் கரைந்துவிடும். சின்னவளிடம் இருந்த மயில் நீல உடையைத் தொட்டியில் முக்கிப் பார்த்தோம். அலம்பியதும் உடை போன இடம் தெரியவில்லை. அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் புதிதாக வாங்கியாகிவிட்டது. வெள்ளைக் குளம் வைத்திருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் நிரப்பிய பிறகு அதுவும் நீலம்தான்.

அடி தெரிந்தாலும் ஆழம் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். தண்ணீர் தன் ஆழத்தை நான்கில் மூன்று பங்காகத்தான் காட்டும். நான்கடி மூன்றடியாகத் தெரியும். அதனால் படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் கருநீல மொசைக்கை ஒரு வரிசை ஓட்டச் சொல்லியிருக்கிறோம். அண்ணி ஆசைப்பட்ட கருமைக்கு அது இடம். தண்ணீர் மட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் அவருக்குப் பிடித்த பச்சைநீலப் பட்டையும் வருகிறது. அந்தப் பட்டையை அவரே தேர்ந்தெடுத்தார், இரண்டு மணி நேரம் கடையில் நின்று.

பெயிண்ட் அடித்துவிடலாமா என்றும் அண்ணன் கேட்டார். ரப்பர் பாலைக் குளோரினோடு சேர்த்துச் செய்யும் பெயிண்ட் ஒரு காலத்தில் குளங்களுக்கு நிறையப் பயன்பட்டது. தாத்தா வெட்டிய பால் இப்படியும் போயிருக்கும் என்று நினைக்க எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பெயிண்ட் சில வருடத்தில் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டத் தொடங்கும். குளத்தை வடித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

இனி இருப்பது கிரவுட், டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் பூச்சு. நிறத்தை முடிவு செய்தவர்கள் பலர் இதைக் கடைசி நாளில் யோசிக்கிறார்கள். சின்னச் சின்ன மொசைக்கில் இடுக்குகளின் பரப்பு நிறைய. வெள்ளைக் கிரவுட் போட்டால் குளம் முழுவதும் ஒரு படி வெளுக்கும், கரிய கிரவுட் போட்டால் ஒரு படி இருளும். சிமெண்டுக் கிரவுட் மலிவு, ஆனால் அழுக்கைக் குடிக்கும். எபாக்சி என்ற பிசினில் செய்த கிரவுட் விலை கூடுதல், பூசுவதும் கடினம், கறை ஏறாது. நாங்கள் வெளிர் சாம்பல் எபாக்சி சொல்லியிருக்கிறோம். செலவில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டைல்ஸில் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். ஆனால் குளியலறைச் சுவருக்கு விற்கும் டைல்ஸை மட்டும் குளத்துக்கு வாங்காதீர்கள். அதில் பல வகை தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும். போர்சலின் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. பெட்டியில் எழுதியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஷீட்டுகள் நேற்று வந்து இறங்கின. பெட்டிகளின் தொகுதி எண்களை நானும் பெரியவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். இரண்டு பெட்டி வேறு தொகுதி. வெயிலில் வைத்துப் பார்த்தால் நீலம் ஒரு சாயல் தள்ளி இருந்தது. அவற்றை இன்று திருப்பி அனுப்பியாகிவிட்டது. மாற்றுப் பெட்டி வரும்வரை கொத்தனார் சுவருக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துக்கொண்டிருக்கிறார்.