தடவுவதா, விழுங்குவதா, மறைப்பதா?

உச்சந்தலை லேசாகத் தெரிய ஆரம்பித்ததும் கை முதலில் போவது புது ஷாம்புவுக்குத்தான். பரம்பரை வழுக்கைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வட்டவட்டமாக உதிர்ந்தாலோ, தோல் சிவந்து வலித்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள். தடவும் மருந்து, விழுங்கும் மாத்திரை, மறைக்கும் தூள் என்ற இந்த ஒப்பீடு பரம்பரை வழுக்கைக்கு மட்டும்.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் தலைக்குத் தடவும் மருந்தானது. 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முடியின் வளர்பருவத்தை இது நீட்டுகிறது, உதிர்வின் மூல காரணத்தைத் தொடுவதில்லை. ஆண், பெண் இருவரும் தடவலாம். சிக்கல் முதல் சில வாரங்களில்தான்: புதுமுடி கிளம்பும்போது ஓய்விலிருந்த பழைய முடி கூடுதலாகக் கொட்டும். பயந்துபோய் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். விட்டால் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் ஜாக்கிரதை, நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

ஃபினாஸ்டெரைடு காரணத்தையே பிடிக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாறி மயிர்க்காலைச் சுருக்குகிறது. அந்த மாற்றத்தைத்தான் இம்மாத்திரை தடுக்கிறது. ஆண்களுக்கான 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997இல் அனுமதி. இருக்கும் முடியைக் காப்பதில் மினாக்ஸிடிலைவிட இதற்கே என் ஓட்டு. ஆனால் சிலருக்குப் பாலுணர்வு குறையும், மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் பாதிக்கும். புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும். பரிசோதனைக்குப் போனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முடி நடும் அறுவைச் சிகிச்சை? நட்டது நிற்கும், சுற்றியுள்ளது உதிர்ந்துகொண்டே போகும். அப்புறமும் மருந்து வேண்டியிருக்கும்.

சரி, மறைப்பது. கெரட்டின் நார்த்தூள் இருக்கும் முடியில் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரே நிமிடத்தில் அடர்த்தி தெரியும். முழு வழுக்கையில் நிற்காது, கொட்டும் மழையிலும் நம்ப முடியாது. ஆனாலும் இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க மாட்டேன். மருந்து பலன் காட்டும்வரை கண்ணாடி முன் நிற்க ஒரு துணை வேண்டுமே. மினாக்ஸிடில் நன்றாகக் காய்ந்த பிறகு தூவுங்கள். ஈரத்தில் தூவினால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.