ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு நல்ல பிசியோ

வீடொன்றின் முன் அறையில் நடக்கிற சின்ன நிலையம். பெரிய மெஷின்கள் இல்லை. ஆனாலும் உடம்பு முழுக்க நாட்பட்ட வலியும் களைப்பும் தருகிற இந்த நோயோடு திருகோணமலையில் இருக்கிற எவருக்கும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இங்கே முன்னேற்றத்தை ஒழுங்காக அளக்கிறார்கள்.

நமக்கு இரத்தப் பரிசோதனை உதவாது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ஈஎஸ்ஆர், சிஆர்பி பெரும்பாலும் சரியாகவே வரும். "இப்ப எப்படி?" என்று கேட்டால், அன்றைக்கு நாரி எப்படி உளைகிறதோ அதுதான் பதில். இங்கே கேட்பது கடந்த 7 நாட்களை. இந்த நோய் எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, 2009இல் திருத்தி வெளிவந்த எஃப்ஐக்யூஆர் என்ற படிவம்: 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. தலை இழுக்க, 20 நிமிடம் விடாமல் நடக்க, 45 நிமிடம் கதிரையில் இருக்க எவ்வளவு கஷ்டம்? நித்திரை, ஞாபகம், சத்தமும் குளிரும் தாங்குகிறதா? மொத்தம் 100க்குக் கணக்கு. கூடக் கூட நோயின் பாரம் அதிகம்.

படிவம் ஆங்கிலம்தான், ஆனால் பிசியோப் பிள்ளை பக்கத்தில் இருந்து தமிழில் கேட்டு எழுதுகிறா. தரை துடைப்பது, கூட்டுவது பற்றிய கேள்விக்கு, "முற்றம் கூட்ட ஏலுதா அக்கா?" என்றா. அவசரப்படுத்தவே இல்லை.

கச்சான் காலத்தில் எனக்கு 68 புள்ளி. மாரி தொடங்கும்போது 54. இந்தப் படிவத்தின் பழைய வடிவத்தில் 14 வீதம் குறைந்தாலே அது நோயாளிக்குத் தெரிகிற மாற்றம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். என்னுடையது 20 வீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இத்தனைக்கும் வலிக்கான புள்ளி அசையவேயில்லை, முதலும் 7, பிறகும் 7. குறைந்ததெல்லாம் நித்திரையிலும் காலை விறைப்பிலும் நடையிலும். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை இப்போது இடையில் குந்தாமல் ஏறுகிறேன். வலியை மட்டும் கேட்டிருந்தால், பயனில்லை என்று பயிற்சியை அன்றைக்கே விட்டிருப்பேன்.

குறையும் உண்டு. காத்திருக்கிற இடத்தில் ரீவி உரத்துப் பாடுகிறது, ரியூப் லைற் கண்ணைக் குத்துகிறது. சத்தமும் வெளிச்சமும் தாங்குமா என்று படிவத்தில் கேட்பவர்கள் அதைக் கட்டாயம் மாற்றவேண்டும். புள்ளித்தாளையும் கேட்டால்தான் தருகிறார்கள். கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது டொக்டரிடம் காட்டுங்கள்.