பிள்ளையின் தலைக்கட்டியைக் கண்காணிக்க சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

என் மகனுக்குச் சிறுமூளையில் கட்டி. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, மெதுவாக வளரும் வகை. ஆபரேஷனுக்குப் பிறகு எதை வைத்துக் கண்காணிப்பது என்ற பேச்சு வந்தபோது எம்.ஆர்.ஐ. என்று முடிவெடுத்தோம். இன்றும் என் ஓட்டு அதற்குத்தான்.

சி.டி. மலிவு, சீக்கிரம் முடியும். அவசரத்துக்கு அதுதான் சரி. ரத்தக்கசிவோ மூளையில் நீர் கோத்திருப்பதோ நொடிகளில் தெரிந்துவிடும்.

ஆனால் கண்காணிப்பு என்பது வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது. சி.டி. என்றால் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே கதிர். 2012இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, சிறுவயதில் மூளையில் சேரும் கதிரளவு 60 மில்லிகிரே வாக்கில் போனால் மூளைக்கட்டி வரும் வாய்ப்பு மும்மடங்காகலாம் என்றது. பதற வேண்டாம். 10 வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலையில் ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு வரலாம் என்பதே அதன் மதிப்பீடு. ஒரு தடவைக்கு அது பெரிய விஷயமில்லை; வருடாவருடம் என்றால் கூட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கூட்டலே கிடையாது. தவிர, சிறுமூளையைச் சுற்றித் தடித்த எலும்பு. சி.டி.யில் அங்கே கோடுகோடாக நிழல் விழும். மிஞ்சிய சின்னத் துண்டு அதில் மறைந்துவிடலாம்.

எம்.ஆர்.ஐ.யில் பாடாய்ப்படுத்துவது மயக்க மருந்துதான். அரைமணி, முக்கால்மணி அசையாமல் படுக்கச் சின்னப் பிள்ளையால் ஆகாது. சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தம் என்பதால் காலையில் பிஸ்கட்டுக்கு ஒரே அழுகை. முதல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். உடம்பில் எந்த உலோகமும் கூடாது என்றார்கள். அரைஞாணில் கோத்த தாயத்தை அவிழ்க்க அப்பத்தாவுக்கு மனசே வரவில்லை. கடைசியில் அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

மண்டையோட்டு எலும்பை அரிக்கும் கட்டி என்றால் கதை வேறு. எலும்பின் விளிம்பையும் சுண்ணாம்புப் படிவையும் சி.டி.தான் தெளிவாகக் காட்டும். பல நேரம் இரண்டுமே எடுப்பார்கள். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லாததால் அங்கே என் சாய்வை நம்ப வேண்டாம்.

அப்புறம், தலைநீரை வடிக்க ஷண்ட் என்ற குழாய் வைத்த பிள்ளை என்றால், அதிலிருப்பது நீர் வடியும் அளவை வெளியிலிருந்து மாற்றும் வால்வா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில வகைகளில் எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அந்த அளவை மாற்றிவிடும். ஸ்கேன் முடிந்ததும் வால்வைச் சரிபார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.