ஷெல்செக்: டெஸ்ட் செட்டப் ஸ்கிரிப்டுக்கு எவ்வளவு தூரம் கை கொடுக்கும்?

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே பிரிந்து வேலை பார்க்கும் சின்ன டீம்களில் மெஷின்கள் ஒரே ரகமாக இருப்பதில்லை. கஞ்சிக்கோட்டில் இருப்பவரிடம் உபுண்டு, கோவையில் மேக், டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் ஆல்பைன் லினக்ஸ். டெஸ்டுகளுக்கு முன்னால் ஓடும் செட்டப் ஸ்கிரிப்ட் மூன்றிலும் ஓடியாக வேண்டும். இதற்கு ஷெல்செக், அதாவது ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பிழை காட்டும் கருவி, போதுமா என்றால், மொழிப் பிழைகளுக்குப் போதும், சூழலுக்குப் போதாது.

இலவச மென்பொருள். உபுண்டுவில் ஆப்ட், மேக்கில் ப்ரூ மூலம் ஒரே கட்டளையில் இறங்கிவிடும்.

உபுண்டுவின் எஸ்எச் (sh), நமக்குப் பழக்கமான பாஷ் (bash) ஷெல் அல்ல. 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது டேஷ் (dash) என்ற எளிய ஷெல். முதல் வரியில் எஸ்எச் என்று போட்டுவிட்டு உள்ளே இரட்டைச் சதுர அடைப்பு, ‘சோர்ஸ்’, இரட்டைச் சமக்குறி என்று எழுதினால் மேக்கில் ஓடும், டேஷில் விழும். ஷெல்செக் இவற்றை 3000 வரிசை எச்சரிக்கைகளில் வரி எண்ணோடு காட்டிவிடும். ‘லோக்கல்’ போட்டாலும் 3043 என்று திட்டும். அதை டேஷும் ஆல்பைனின் எஸ்எச்சான பிஸிபாக்ஸும் ஏற்பதால் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம்; ஷெல் ‘டேஷ்’ என்று மேலே ஒரு கமென்ட் வரி (# shellcheck shell=dash) கொடுத்தால் அடங்கிவிடும்.

இதன் உண்மையான மதிப்பு 2155, 2115 என்ற இரண்டு எச்சரிக்கைகளில் தெரியும். தற்காலிக ஃபோல்டரை ‘எம்கேடெம்ப் -டி’ (mktemp -d) மூலம் உருவாக்கி, அதே வரியில் எக்ஸ்போர்ட்டும் செய்கிறீர்கள். டிஸ்க் நிரம்பி எம்கேடெம்ப் தோற்றாலும் எக்ஸ்போர்ட் ஜெயித்துவிடும். அதனால் பிழை வந்தால் நிறுத்தும் ‘செட் -இ’ (set -e) போட்டிருந்தும் ஸ்கிரிப்ட் நிற்காது, மாறி காலியாகவே போகும். கடைசியில் சுத்தம் செய்யும் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ (rm -rf) வரி, அந்த மாறிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் இருந்தால், ரூட் ஃபோல்டரையே குறிவைக்கும். ஷெல்செக் இரண்டு வரிகளையும் பிடிக்கும். மாறிக்கு மதிப்புக் கொடுப்பதை ஒரு வரியிலும் எக்ஸ்போர்ட்டை அடுத்த வரியிலும் வையுங்கள். அழிக்கும் இடத்தில் மாறிப் பெயருக்குப் பின் ‘:?’ சேருங்கள். இந்த ஒரு உதவிக்காகவே இதை நிறுவலாம்.

இனி குறைகள். பாஷ் பதிப்பு இதற்குத் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்றிருந்தால், கமாண்ட் வெளியீட்டை அர்ரேயில் போடும் இடத்தில் ‘மேப்ஃபைல்’ பயன்படுத்து என்று 2207 மூலம் அதுவே யோசனை சொல்லும். மேக்கோடு வரும் பாஷ் 3.2, மேப்ஃபைல் 4.0-இல்தான் வந்தது. அந்த யோசனையைக் கேட்டால் மேக்கில் டெஸ்ட் விழும். ஃபைலை அதே இடத்தில் திருத்தும் ‘செட் -ஐ’ (sed -i) விஷயத்திலும் வாய் திறக்காது. லினக்ஸில் ஓடும் வரி மேக்கில் எரர் அடிக்கும், ஏனென்றால் அங்கே அந்த ஆப்ஷனுக்குப் பின்னொட்டு ஒன்று கட்டாயம். தற்காலிக ஃபைலில் எழுதி ‘எம்வி’ (mv) மூலம் பழைய பெயருக்கு மாற்றுவதே எங்கும் ஓடும் வழி.

சூழல் மாறிகளைப் பற்றியும் இது எதுவும் சொல்லாது. மொழியைக் குறிக்கும் லாங் (LANG) மாறி மலையாளத்தில் இருக்கும் லினக்ஸ் மெஷினில் டேட் கட்டளை மாதப் பெயரை மலையாளத்தில் தரும். ‘ஜேன்’ (Jan) என்று தேடும் டெஸ்ட் விழும். எல்லா மொழி அமைப்புகளையும் மீறும் எல்சி_ஆல் (LC_ALL) மதிப்பை ‘சி’ (C) என்று வைத்தால் சரியாகும். ஆனால் அப்போது பாஷ், ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை 5-க்குப் பதில் 15 என்று எண்ணும், பைட் கணக்கு. தமிழ் உரையைச் சோதிக்கும் டெஸ்டுகளுக்கு மட்டும் யூடிஎஃப்-8 லொக்கேலை (மொழி அமைப்பை)த் தனியாகக் கொடுங்கள். டைம்ஸோனும் அப்படித்தான்: சிஐ சர்வர் பெரும்பாலும் யூடிசியில் ஓடும், நம் மெஷின் ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை இரண்டிலும் தேதியே வேறு. செட்டப்பில் டைம்ஸோன் மாறியான டிஇசட் (TZ) மதிப்பை ‘யூடிசி0’ (UTC0) என்று வையுங்கள்.

இந்த மாறிகள் ஒவ்வொன்றையும் செட்டப் ஃபைலின் தலையில் கமென்டாக எழுதுங்கள்: பெயர், மதிப்பு, எடுத்துவிட்டால் எந்த டெஸ்ட் விழும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதன்பின் ‘என்வ் -ஐ’ (env -i) மூலம் காலியான சூழலில், பாத் (PATH), ஹோம் (HOME) இரண்டை மட்டும் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எழுத மறந்த மாறி தானாக வெளியே வரும்.

சிஐயில் ஷெல்செக்கின் பதிப்பு எண்ணைக் குறித்தே நிறுவுங்கள். புதிய பதிப்பில் புதிய எச்சரிக்கைகள் சேரும். நேற்று பாஸான பில்ட், யாரும் எதையும் தொடாமலே இன்று சிவப்பாகிவிடும்.