ரியல்பொலிட்டிக்: ரோகாவா, பிஸ்மார்க்கா?

ரியல்பொலிட்டிக், அதாவது இலட்சியத்தைவிட நடைமுறை அதிகார நிலவரத்தைப் பார்த்துச் செய்யும் அரசியல் என்றதும், பலருக்கு ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் பிரதமராக இருந்த பிஸ்மார்க்தான் நினைவுக்கு வருவார். ஆனால் 1853-இல் அந்தச் சொல்லைப் புத்தகத் தலைப்பிலேயே வைத்தவர் லுட்விக் ஆகஸ்ட் ஃபொன் ரோகாவ் என்ற ஜெர்மன் தாராளவாதி. 1833-இல் ஃபிராங்க்ஃபர்ட் காவல் நிலையத் தாக்குதலில் பங்கேற்று, ஆயுள் தண்டனை பெற்று, பிரான்சுக்குத் தப்பியவர். 1848-இல் ஜெர்மனியில் நடந்த தாராளவாதப் புரட்சி ஏன் தோற்றது என்பதே அவர் கேள்வி. இலட்சியம் மட்டும் போதாது, அதிகாரம் யாரிடம் என்று பாருங்கள் என்றார். சரி, ஆனால் நடுத்தர வர்க்கத்தையும் மக்கள் கருத்தையும்கூட அவர் அதிகாரமாகவே எண்ணினார். எனக்கு இந்தப் பார்வைதான் ஆழமாகப் படுகிறது.

பிஸ்மார்க்கின் வழி வேறு. நாடாளுமன்றம் ஒப்பாமலே ராணுவத்துக்குச் செலவிட்டார். 1864, 1866, 1870 என மூன்று போர்கள் நடத்தி ஜெர்மனியை இணைத்தார். அப்புறம் ரோகாவே, பிஸ்மார்க்கை ஆதரித்த தேசியத் தாராளவாதக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.